கோவாவில் உறங்கும் சவேரியார்

நவம்பர் மாதக் கடைசி வாரம் வந்துவிட்டால் கோவா பக்கம் போகிற ரயில்களில் தமிழ்ப் பேச்சு அதிகமாகக் கேட்கும். தாராவியிலும் மாட்டுங்காவிலும் இருக்கிற திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். கடற்கரைக்காக மட்டும் அல்ல. பழைய கோவாவில் பொம் ஜேசு பேராலயத்தில் வைக்கப்பட்டிருக்கும் புனித சவேரியாரின் உடலை வணங்கி வரத்தான் பலரும் போகிறார்கள். டிசம்பர் 3-ந் தேதி அவருடைய திருநாள். அதற்கு முன் நவம்பர் 24-ந் தேதியிலிருந்து ஒன்பது நாள் நவநாள் நடக்கும். கிறிஸ்தவர்கள் மட்டும் போவதில்லை. இந்துக்களும் மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றுகிறார்கள். கோவா மக்கள் அவரைத் தங்கள் ஊருக்கே எஜமானர் என்கிற பொருளில் 'கோயஞ்சோ சாயிப்' என்று அழைக்கிறார்கள்.

நம் ஊரில் சவேரியார், சவரிமுத்து, சேவியர் என்று பெயர் வைத்துக் கொண்டவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் எங்கே பிறந்தார், எதற்காக வந்தார், நம் கடற்கரையில் என்ன செய்தார் என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. தலைமாட்டில் நின்று வணங்கிவிட்டு வருகிறோம். அந்த மனிதரின் கதையைத் தெரிந்து கொண்டு போனால் பெட்டிக்குள் இருப்பவர் யார் என்பதாவது விளங்கும்.

கோட்டை வீட்டுப் பிள்ளை

பிரான்சிஸ் சவேரியார் 1506-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி பிறந்தார். ஊர், இன்று ஸ்பெயின் நாட்டில் இருக்கும் நவார் பகுதியில் உள்ள ஹவியேர் கோட்டை. அந்தக் காலத்தில் நவார் தனி ராஜ்யம். தந்தை ராஜாவின் ஆலோசனைச் சபைத் தலைவர். வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை இவர். தாய்மொழி பாஸ்க் மொழி. அந்தக் கோட்டையின் பெயருக்கு அவர்கள் மொழியில் 'புது வீடு' என்று பொருள். சவேரியார் என்று நாம் சொல்வது உண்மையில் அவர் ஊர்ப் பெயரைத்தான்.

அவருக்கு 6 வயதாகும்போது, 1512-ல் நவாரை ஸ்பெயின் படைகள் பிடித்துக்கொண்டன. அண்ணன்மார் எதிர்த்துப் போராடினார்கள். அதற்குத் தண்டனையாக 1516-ல் கோட்டையின் மதில்களையும் கோபுரங்களையும் இடித்துத் தள்ளினார்கள். அதற்கு முந்திய ஆண்டே தந்தை இறந்துவிட்டார். பெரிய வீடு, சின்ன வருமானம் என்ற நிலை. படித்துப் பெரிய பதவிக்குப் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவதுதான் கடைசிப் பிள்ளையின் கடமை. 1525-ல் பாரீசுக்குப் படிக்கப் போனார். நன்றாகப் படித்தார், விளையாட்டிலும் பெயர் வாங்கினார். தாண்டிக் குதிப்பதில் கெட்டிக்காரர். பட்டம் பெற்று, ஆசிரியராகவும் ஆனார்.

அவர் இருந்த விடுதி அறைக்கு 1529-ல் ஒரு புது ஆள் வந்து சேர்ந்தார். கால் சற்று ஊனமான, வயதில் மூத்த மாணவர். பெயர் இக்னேஷியஸ் லொயோலா; நம்மவர்கள் இஞ்ஞாசியார் என்பார்கள். முன்பு போர்வீரராக இருந்து குண்டடிபட்டவர். சவேரியாருக்கு அவரை முதலில் பிடிக்கவில்லை. பதவியும் பெயரும் தேடிக்கொண்டிருந்த இளைஞருக்குப் பிச்சை எடுத்துப் படிக்கும் இந்த மனிதர் எப்படிப் பிடிக்கும்? ஆனால் சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1534 ஆகஸ்டு 15-ந் தேதி பாரீஸ் நகரின் மோன்மார்த்ர் குன்றில் ஏழு பேர் சேர்ந்து ஏழ்மையும் கற்பும் காப்பதாக வாக்குக் கொடுத்தார்கள். இயேசு சபை உருவானது அந்த ஏழு பேரிலிருந்துதான். சவேரியார் அவர்களில் ஒருவர்.

இந்தியாவுக்கு அவர் வந்தது தற்செயலானது. போர்ச்சுக்கல் ராஜா தம் ஆளுகையில் இருந்த கீழ்த்திசை நாடுகளுக்குக் குருக்கள் வேண்டும் என்று கேட்டார். வேறு ஒருவரைத்தான் அனுப்ப ஏற்பாடு. அவருக்கு உடம்புக்கு முடியாமல் போகவே, 1540 மார்ச்சில் சவேரியாரைக் கிளம்பச் சொன்னார்கள். ரோமிலிருந்து உடனே புறப்பட்டார். அதன் பிறகு அவர் இஞ்ஞாசியாரைப் பார்க்கவே இல்லை.

13 மாதப் பயணம்

1541 ஏப்ரல் 7-ந் தேதி, தம் 35-வது பிறந்த நாளில், லிஸ்பன் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். போப்பாண்டவரின் தூதர் என்ற பதவி அவருக்கு இருந்தது. பணிவிடைக்கு ஆள் வைத்துக்கொள்ளும்படி சொன்னதை மறுத்து, தம் துணியைத் தாமே துவைத்துக் கொண்டார். கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்து மொசாம்பிக்கில் மாதக்கணக்கில் நின்றது. கோவாவில் இறங்கியது 1542 மே 6-ந் தேதி. ஆக 13 மாதம். மும்பையிலிருந்து ஊருக்கு ஒன்றரை நாள் ரயிலில் உட்காருவதற்கே நாம் அலுத்துக் கொள்கிறோம்!

கோவா அப்போது செல்வம் கொழித்த நகரம். இவர் மாளிகையில் தங்காமல் ஆஸ்பத்திரியில் தங்கினார். கடுமையான நோயாளியின் பக்கத்தில் தரையில் படுத்தார். சிறைச்சாலைக்குப் போனார். தெருவில் கைமணியை ஆட்டிக்கொண்டே போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்து ஜெபம் சொல்லிக் கொடுத்தார். நாலைந்து மாதத்திலேயே கவர்னர் அவரை வேறிடம் போகச் சொன்னார். அந்த இடம்தான் நம் முத்துக்குளித்துறை.

தமிழ் தெரியாத குரு

தூத்துக்குடி முதல் கன்னியாகுமரி வரை உள்ள கடற்கரைப் பரவர் மக்கள் சவேரியார் வருவதற்கு முன்பே கிறிஸ்தவர்கள் ஆகியிருந்தார்கள். முத்துக்குளிப்பில் உண்டான போட்டியும் சண்டையும் அவர்களை நெருக்கின. போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடிக் கொச்சிக்கு ஆள் அனுப்பினார்கள். 1530-களின் நடுவில் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஞானஸ்நானம் கொடுத்த குருக்கள் போய்விட்டார்கள். அதன் பிறகு ஐந்தாறு ஆண்டுகள் கேட்பாரில்லை. கிறிஸ்தவன் என்ற பெயர் இருந்தது. ஒரு ஜெபமும் தெரியாது.

1542 அக்டோபரில் சவேரியார் வந்து சேர்ந்தார். கோவாவில் குருமாணவர்களாகப் படித்துக்கொண்டிருந்த நம் கடற்கரைப் பிள்ளைகள் மூவர் துணைக்கு வந்தார்கள். அவருக்கோ தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. என்ன செய்தார்? இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டி வைத்துப் பல நாள் உட்கார்ந்து, ஜெபங்களையும் பத்துக் கட்டளைகளையும் தமிழில் சொல்ல வைத்தார். கேட்டதைத் தம் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தார். பிறகு மணியைக் கையில் எடுத்துக் கொண்டு ஊர் ஊராக நடந்தார். காலையும் மாலையும் பிள்ளைகளைக் கூட்டி வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் வீட்டில் போய்த் தாய் தகப்பனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

மும்பைக்கு வந்த புதிதில் 'கிதர்', 'கித்னா' என்று நாலு வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடி அலைந்தவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகப் புரியும். சொல்லுகிற வார்த்தை சரியா, தவறா என்று சொல்லுகிறவருக்கே தெரியாது. கேட்கிறவர் சிரித்தால்தான் சந்தேகம் வரும்.

அப்படி ஒரு சங்கதி சவேரியாருக்கும் நேர்ந்தது. நம்பிக்கை அறிக்கை ஜெபத்தில் 'நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல்லைப் போட்டு மொழிபெயர்த்திருந்தார்கள். ஊர் ஊராக மக்கள் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதில் கடவுள் வேணும் என்று! (பக்தியில் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர்களும் இருக்கலாம்.) 1544-ல் இது அவருக்குத் தெரிய வந்தது. உடனே தம்மோடு வேலை செய்த மான்சிலாஸ் என்பவருக்குக் கடிதம் எழுதி, 'வேணும்' என்பதை எடுத்துவிட்டு 'விசுவாசம்' என்ற சொல்லைப் போடச் சொன்னார். பாரீஸ் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தவர் ஒரு தமிழ்ச் சொல்லின் பொருளைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்திய கதை இது. அவரைப் பற்றிச் சொல்லப்படும் எத்தனையோ புதுமைகளை விட எனக்கு இது பெரிதாகத் தெரிகிறது.

ஒரு ஊரில் ஜெபங்கள் பாடமானதும், அதன் பிரதி ஒன்றை அங்கே கொடுத்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க உள்ளூரிலேயே ஒருவரை நியமித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவார். அந்தப் பொறுப்பாளருக்குப் பெயர் கணக்கப்பிள்ளை. போர்த்துக்கீசியக் கடிதங்களில் கூட இந்தத் தமிழ்ச் சொல்லையே அவர் எழுதினார். ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கும் நண்பர்கள் கவனிக்க! கணக்கப்பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுப்பதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். போர்ச்சுக்கல் ராணியின் காலணிச் செலவுக்கென்று முத்துக்குளித்துறையில் ஆண்டுதோறும் 4,000 பணம் வசூலாகி வந்தது. அந்தத் தொகையைப் பிள்ளைகளின் படிப்புக்கு விட்டுத் தரும்படி ராணியையே கேட்டு வாங்கினார்.

20 தோணி அரிசி

1544 ஜூன் மாதம் வடுகப் படை குதிரைகளோடு கன்னியாகுமரிப் பக்கம் பாய்ந்தது. கரையோர மக்கள் உயிர் தப்பிக் கடலுக்குள் இருக்கும் பாறைகளுக்கு ஓடினார்கள். வெயில், பசி, தாகம். அங்கேயே பலர் மாண்டார்கள். மணப்பாட்டில் இருந்த சவேரியார் 20 தோணிகளில் உணவுப் பொருள் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். காற்று எதிர்த்து அடித்தது. எட்டு நாள் கடலில் போராடியும் குமரி முனையை அடைய முடியவில்லை. மணப்பாட்டுக்கே திரும்பி வந்து, கரை வழியாகக் கால்நடையாகவே போய்ச் சேர்ந்தார். திரும்பி வந்த மக்களுக்குக் கஞ்சிக்கும் துணிக்கும் ஏற்பாடு செய்யும்படி ஊர்த் தலைவர்களுக்குச் சொல்லி அனுப்பினார்.

அந்தச் சமயத்தில் தூத்துக்குடியில் இருந்த போர்த்துக்கீசியக் கேப்டன், மக்களைக் காப்பாற்றுவதை விட்டுவிட்டுக் குதிரை வியாபாரத்தில் காசு பார்த்துக்கொண்டிருந்தான். புன்னைக்காயலில் ஆட்களை அடிமைகளாகப் பிடித்துப்போன போர்த்துக்கீசியரும் இருந்தார்கள். இவர்கள்மேல் சவேரியாருக்கு இருந்த கோபம் அவர் கடிதங்களில் நெருப்பாக இருக்கிறது. தம் சொந்த ஆட்கள் என்று அவர் மூடி மறைக்கவில்லை.

அதே 1544 கடைசியில் திருவிதாங்கூர்க் கரைக்குப் போனார். அங்கே ஒரே மாதத்தில் முக்குவர் மக்கள் 10,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்தார். கை ஓயும் அளவுக்கு வேலை. கோட்டாற்றில் வடுகப் படையை அவர் தனி ஆளாக எதிர்கொண்டு நிறுத்தினார் என்றும், அதற்கு மகிழ்ந்து ராஜா அவருக்குக் கோட்டாற்றில் இடம் கொடுத்தார் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள்.

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. அந்தக் காலத்து ஐரோப்பியக் குருவின் கண்ணோட்டமே அவருடையதும். புதுக் கிறிஸ்தவர்களின் வீட்டுப் பிள்ளைகள் பழைய சிலைகளை உடைத்தபோது அவர் மகிழ்ந்தார். நம் கோயில்களையும் அவற்றின் பூசகர்களையும் பற்றிக் கடுமையாகவே எழுதினார். 1546-ல் கோவாவில் மத விசாரணை மன்றம் வேண்டும் என்று போர்ச்சுக்கல் ராஜாவுக்கு எழுதினார். அந்த மன்றம் 1560-ல், அவர் இறந்து 8 ஆண்டுகளுக்குப் பின் ஏற்பட்டது. 1812-ல் ஒரேயடியாக எடுக்கப்படும் வரை கோவாவில் எத்தனையோ குடும்பங்களின் கண்ணீருக்குக் காரணமாக இருந்தது. அதை அவர் நடத்தவில்லை, பார்க்கவும் இல்லை. ஆனால் கேட்டவர்களில் அவரும் ஒருவர்.

கிழக்கே, கிழக்கே

1545-ல் சென்னை மயிலாப்பூரில் சாந்தோமில் நாலு மாதம் தங்கினார். அப்போஸ்தலர் தோமையாரின் கல்லறையருகே ஜெபித்து, மேலும் கிழக்கே போவது என்று முடிவு செய்தார். மலாக்கா, அம்போன், மொலுக்காஸ் தீவுகள். 1547-ல் மலாக்காவில் அஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்தார். அவர் மூலம் ஜப்பான் மேல் ஆசை விழுந்தது. இடையில் நம் கடற்கரைக்கும் 1548-ல் வந்து போனார்.

1549 ஆகஸ்டு 15-ந் தேதி ஜப்பானில் ககோஷிமாவில் இறங்கினார். அங்கேயும் பழைய கதைதான். கடவுள் என்பதற்கு அஞ்சிரோ சொல்லிக் கொடுத்த சொல் 'தைனிச்சி'. சவேரியார் தெருவில் நின்று தைனிச்சியை வணங்குங்கள் என்று சொல்ல, புத்த பிக்குகள் சந்தோஷப்பட்டார்கள். ஏன் என்றால், அது அவர்கள் வணங்கும் ஒரு புத்தரின் பெயர்! நாளானபின் விஷயம் தெரிந்தது. அந்தச் சொல்லைக் கைவிட்டு, லத்தீன் சொல்லையே வைத்துக்கொண்டார். தூத்துக்குடியில் 'வேணும்', ஜப்பானில் 'தைனிச்சி'.

பனி கொட்டும் குளிர்காலத்தில் கியோட்டோவுக்கு நடந்து போனார். சக்கரவர்த்தியைப் பார்க்க முடியவில்லை. கந்தல் உடைக்கு அந்த நாட்டில் மதிப்பில்லை என்று கண்டு, அடுத்த முறை பட்டு உடுத்தி, கடிகாரம் முதலிய பரிசுகளோடு யாமகுச்சிப் பிரபுவைப் பார்த்தார், அனுமதி கிடைத்தது. ஜப்பானியர் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி, நீங்கள் சொல்வது உண்மையானால் சீனர்களுக்கு ஏன் தெரியவில்லை என்பது. அப்படியானால் சீனாவுக்குப் போக வேண்டியதுதான் என்று தீர்மானித்தார்.

1552 ஏப்ரலில் கோவாவிலிருந்து கடைசியாகக் கிளம்பினார். மலாக்காவில் இருந்த கேப்டன், வாஸ்கோடகாமாவின் மகன், பயணத்துக்கு முட்டுக்கட்டை போட்டான். தூதுக்குழுவோடு போக இருந்தவர் தனியாகப் போக வேண்டியதாயிற்று. சீனக் கரைக்கு அருகே உள்ள சான்சியான் தீவில் இறங்கினார். வெளிநாட்டார் சீனாவுக்குள் நுழையக்கூடாது என்று சட்டம். ஒரு சீன வியாபாரி மிளகைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு ரகசியமாகக் காண்டன் நகருக்குக் கொண்டுபோய் விடுவதாக ஒப்புக்கொண்டான். சொன்ன தேதி வந்தது. படகு வரவில்லை. சவேரியார் கரையைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார்.

நவம்பர் கடைசியில் காய்ச்சல் கண்டது. ஓலைக் குடிசை, குளிர் காற்று. பக்கத்தில் இருந்தவர் அந்தோனியோ என்ற சீன இளைஞர். கோவாவில் பல ஆண்டு படித்ததில் அவருக்குத் தம் சொந்தச் சீன மொழியே பாதி மறந்துபோயிருந்தது. மொழிபெயர்க்க வந்தவர் நிலை அது! காய்ச்சல் முற்றியபோது சவேரியார் அந்தோனியோவுக்குப் புரியாத ஏதோ ஒரு மொழியில் பேசிக்கொண்டிருந்தார். அது அவர் தாயிடம் கற்ற பாஸ்க் மொழியாக இருக்கும் என்பது வரலாற்றாசிரியர்கள் கருத்து. 1552 டிசம்பர் 3-ந் தேதி விடியுமுன் உயிர் பிரிந்தது. வயது 46. கழுத்தில் ஒரு சிறு கூடு தொங்கியது. உள்ளே, நண்பர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர் வெட்டி எடுத்து வைத்திருந்த கையெழுத்துகள்.

அவர் இறந்தது தெரியாமல், 1553 ஜூனில் இஞ்ஞாசியார் அவரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வரச் சொல்லிக் கடிதம் எழுதினார்.

இறந்த பின் பயணம்

எலும்பை எளிதாக எடுத்துப் போகலாம் என்று பெட்டியில் சுண்ணாம்பைக் கொட்டிப் புதைத்தார்கள். 1553 பிப்ரவரியில் தோண்டிப் பார்த்தபோது உடல் கெடாமல் இருந்தது. மலாக்காவுக்குக் கொண்டுபோய் அங்கே பெட்டியில்லாமல் மண்ணில் புதைத்தார்கள். ஆகஸ்டில் மறுபடி எடுத்தார்கள், அப்போதும் அப்படியே. 1554 மார்ச் 16-ந் தேதி கோவா வந்து சேர்ந்தது. ஊரே திரண்டது. முத்தமிட வந்த ஒரு பெண்மணி பக்தி மிகுதியால் கால் விரலையே கடித்து எடுத்துவிட்டார் என்பது பிரசித்தம். 1614-ல் வலது முன்கையை வெட்டி ரோமுக்கு அனுப்பினார்கள். நம் கடற்கரையில் ஞானஸ்நானம் கொடுத்து ஓய்ந்த கை இன்று ரோம் நகரில் இயேசு சபைக் கோயிலில் இருக்கிறது. 1622-ல் இஞ்ஞாசியாருக்கும் இவருக்கும் ஒரே நாளில் புனிதர் பட்டம் கிடைத்தது.

மும்பையிலிருந்து போகிறவர்கள் கொங்கண் ரயில் பாதையில் கர்மலி நிலையத்தில் இறங்கினால் பழைய கோவா மிக அருகில். பனாஜியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர், பஸ் உண்டு. 1605-ல் அர்ச்சிக்கப்பட்ட பொம் ஜேசு கோயிலின் வெளிச்சுவர் பூச்சு இல்லாமல் செம்புறாங்கல்லாகத் தெரியும். உள்ளே வலப்பக்கப் பீடத்தில், உயரமான சலவைக்கல் மேடைமேல் வெள்ளிப் பேழை. கோவாத் தட்டார்கள் 1637-ல் செய்து முடித்த வேலை அது. அவர் வாழ்க்கைக் காட்சிகள் 32 தகடுகளில் செதுக்கப்பட்டிருக்கின்றன. கீழே உள்ள சலவைக்கல் மேடை இத்தாலியின் டஸ்கனிப் பிரபு அனுப்பியது. 1698-ல் இங்கே பொருத்தினார்கள். சாதாரண நாளில் பேழையைக் கீழிருந்துதான் அண்ணாந்து பார்க்க முடியும். பத்து ஆண்டுக்கு ஒரு முறை அதைக் கீழே இறக்கி, எதிரில் உள்ள சே கதீட்ரலுக்கு ஊர்வலமாகக் கொண்டுபோய்ப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை அப்படி வைத்தார்கள். உடல் இப்போது உலர்ந்து சுருங்கியிருக்கிறது.

அதே ஊரில், அவர் தங்கியிருந்த புனித பவுல் கல்லூரியின் வாசல் வளைவு மட்டும் சாலையோரத்தில் நிற்கிறது. அதைப் பலர் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்குப் போகலாம். டிசம்பர் 3-ந் தேதி கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். மணப்பாட்டில் அவர் தங்கிய குகையைப் பார்க்க விரும்புகிறவர்கள் திருச்செந்தூர் வரை ரயிலில் போய், அங்கிருந்து தெற்கே கடற்கரை வழியாகச் செல்லும் பஸ் பிடிக்க வேண்டும்.